அரைப்பேர்: முடிந்த படமும் முடியாத கடனும்

ஒரு படைப்பு எப்போது முடிவடைகிறது என்னும் வினா பெரும்பாலும் கலைக்கோட்பாட்டாளரின் வினாவாகவே கருதப்பட்டு வந்துள்ளது. சிற்பி உளியைக் கீழே வைக்கும் கணத்திலா, கவிஞன் இறுதிச் சொல்லைத் திருத்தும் கணத்திலா, சுவைஞன் அதனை ஏற்றுக்கொள்ளும் கணத்திலா என்றெல்லாம் விவாதங்கள் நிகழ்ந்துள்ளன. ஆயின், உயிரோடு வாழும் மனிதரின் வாழ்க்கையை எடுத்தாளும் படைப்புகளைப் பொறுத்தவரை இது கலை சார்ந்த வினா மட்டுமன்று; அறம் சார்ந்த வினாவுமாகும். படைப்பு முடிந்துவிட்டது என்று கூறும் உரிமை யாருக்குரியது? அவ்வாறு கூறியவுடன் படைப்பாளி அம்மனிதருக்குப் பட்ட கடனும் தீர்ந்துவிடுகின்றதா?

சிறுகதையிலும் நாவலிலும் எழக்கூடிய இவ்வினா திரைப்படத்திலே மேலும் கூர்மையடைகின்றது. எழுத்து ஒரு மனிதனை நினைவூட்டுகின்றது. படமோ அவன் வாழும் வீட்டையும் நடக்கும் பாதையையும் உடுக்கும் உடையையும் அப்படியே காட்டிவிடுகின்றது. கையடக்கத் தொலைபேசியே ஒளிப்பதிவுக் கருவியாகிவிட்ட இக்காலத்தில், பெரும் முதலின்றிச் சுயாதீனமாகக் குறும்படம் எடுப்பது மாணவர்க்கும் கைகூடியுள்ளது. கருவி எளிதிற் கிடைக்கின்றது. அதனைக் கையாள்வதற்கான அறம் அத்துணை எளிதிற் கிடைப்பதில்லை.

1

வினாவைத் தெளிவுபடுத்தும் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். கண்டியிலிருந்து வத்துகாமம், பன்விலை வழியாக ஏறிச்செல்லும் பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரின் அருகே அமைந்த மடுல்கெல்லப் பகுதியை அடைகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பி பயிரிடப்பட்டு, கோப்பிச் செடிகள் நோயால் அழிந்தபின் தேயிலைக்கு மாறிய மலைகள் அவை. அங்குள்ள தோட்டமொன்றிலே பிறந்து, பல்கலைக்கழகம் புகுந்து, நண்பர் சிலருடன் சேர்ந்து பதினைந்து நிமிடக் குறும்படமொன்றை எழுதி முடித்த இளைஞன் ஒருவனை மனங்கொள்க.

அவன் எழுதிய கதை அவனுடையதன்று. பக்கத்துக் காம்பராவில் வாழும் பெண்ணொருத்தி ஒரு மாலை நேரத்தில் லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து கூறியது அது. பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த குழந்தைக்குக் காய்ச்சல். அந்த நினைவில் அவளுடைய கை ஓடவில்லை. மாலை நிறுவையின்போது நியமித்த நிறைக்குக் கொழுந்து குறையும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. குறைந்தால் அன்றைய நாள் அரைப்பேராகிவிடும். அருகில் நின்றவளின் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அவள் அள்ளித் தன் கூடையிற் போட்டுக்கொண்டாள். மற்றவள் அதைக் கண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. இரவு இவள் தன் வீட்டில் அவித்த கிழங்கில் ஒரு பங்கை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அதன்பின் இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவேயில்லை.

இளைஞன் இதனைத் திரைப்பிரதியாக்கினான். அவளுடைய பெயரை மாற்றினான். தோட்டத்தின் பெயரைத் தவிர்த்தான். கிழங்கை வாசலில் வைக்கும் காட்சியில் அவள் விம்மி அழுவதாக எழுதினான். உண்மையில் அவள் அழவில்லை. ஆனால் அழுகையின்றி அக்காட்சி நகரத்துப் பார்வையாளருக்குப் புரியாது என்று அவன் எண்ணினான். படப்பிடிப்பு அதே லயத்திலே நடைபெற்றது. படத்தொகுப்பு முடிந்தது, ஒலி சேர்க்கப்பட்டது, நகர மண்டபமொன்றில் திரையிடப்பட்டுக் கைதட்டலும் கிடைத்தது. படம் முடிந்தது என்ற நிறைவோடு அவன் ஊருக்குப் பேருந்தேறுகின்றான். பன்விலையைத் தாண்டும்போது அவன் மனத்தில் ஒரு கேள்வி எழுகின்றது: "அக்காவிடம் என்ன சொல்வது?" இக்கட்டுரையின் பொருள் அந்தக் கேள்வியேயாகும்.

2

இத்தகைய படங்களுக்குச் சூட்டப்படும் பெருமைக்குரிய அடைமொழி 'சுயாதீனம்' என்பது. தயாரிப்பாளரின் இலாப நோக்கிலிருந்தும் விநியோகத்தரின் கட்டளையிலிருந்தும் விடுபட்டது என்பதே அதன் பொருள். இவ்விடுதலையின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடவியலாது. பணம் இட்டவனின் விருப்பத்திற்கேற்பப் பொருள் திரிபடும் என்பதற்கு மலைநாட்டைப் படம்பிடித்த வரலாறே சான்றாகும்.

1934 ஆம் ஆண்டிலே பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் நெறிப்படுத்திய 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படம் உலகத் திரைப்பட வரலாற்றிலே உயர்ந்த இடத்தைப் பெற்றது. ஜோன் கிரியர்சன் அதன் தயாரிப்பாளர். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில் அது உருவாயிற்று. கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை லயனல் வென்ட் அதிலே வாசிக்கின்றார். நான்கு பகுதிகளாக அமைந்த அப்படத்தின் மூன்றாம் பகுதி வணிகத்தின் குரல்கள் பற்றியது. சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் வணிகக் கடிதங்களும் ஒலிக்க, திரையிலே தென்னையும் தேயிலையும் உழைக்கும் கைகளும் தோன்றி மறைகின்றன. வணிகத்துக்குக் குரலும் உழைப்புக்கு உருவமும் என்னும் அப்பகுப்பு, அன்றைய உலக ஒழுங்கையே துலக்கமாகக் காட்டுகின்றது என்று பாராட்டுவோர் உளர். அப்பாராட்டு நியாயமானதே. எனினும், கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் சொல் ஒன்றுகூட அப்படத்திற்குத் தேவைப்படவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அவள் அழகாக இருக்கிறாள். ஆனால் அவள் பேசுவதில்லை.

பிற்காலத்தில் அம்மக்களின் வாழ்க்கை அவர்தம் மொழியிலேயே திரைக்கு வந்தது. 1963 இல் 'தோட்டக்காரி', 1975 இல் 'புதிய காற்று' ஆகிய படங்கள் தோன்றின. பின்னையதை உருவாக்கியவர் தொழிற்சங்கவாதியுமான வி. பி. கணேசன். மலையகத்தின் தலைசிறந்த எழுத்தாளர்களுள் ஒருவரான தெளிவத்தை ஜோசப் அதன் திரையெழுத்திற் பங்குகொண்டார். மண்ணிலிருந்து எழுந்தவர்கள் மண்ணைப்பற்றிப் பேசும் நிலை அவ்வாறு உருவாயிற்று. இதனால் முன்னைய குறை நீங்கியது என்று எண்ணத் தோன்றும்.

ஆயின், சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது. வெளியார் எடுத்த படத்தின் குறையை எளிதிற் காணலாம். நம்மவர் எடுத்த படத்தின் குறையைக் காண்பது கடினம். மேற்குறித்த இளைஞன் எந்தப் பிரசார சபையிடமும் பணம் பெறவில்லை. அவன் முதலாளியிடமிருந்து சுயாதீனன், தணிக்கையாளனிடமிருந்தும் சுயாதீனன். ஆனால் அந்தப் பெண்ணிடமிருந்தும் அவன் சுயாதீனனா? இரு விடுதலைகளும் ஒன்றல்ல. தன்மேல் ஆட்சி செய்பவனிடமிருந்து விடுபடுவது விடுதலை. தனக்குத் தந்தவளிடமிருந்து விடுபடுவது மறதி. 'சுயாதீனம்' என்னும் சொல் இவ்விரண்டையும் ஒரே போர்வையால் மூடிவிடக்கூடும்.

3

"அவளுடைய பெயரைத்தான் மாற்றிவிட்டேனே" என்று இளைஞன் கூறலாம். இந்த விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. தமிழ் மரபிலே அதற்கு வேரும் உண்டு.

அகத்திணைப் பாடலில் வருவோரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தலைவன் என்றும் தலைவி என்றுமே கூறப்படும். உள்ளத்து வாழ்க்கை ஊராரின் அலருக்கு இரையாகாமற் காக்கும் நாகரிகம் அதிலே பொதிந்துள்ளது. புறத்திணையிலோ பெயர் விளங்கக் கூறப்படும். வீரமும் கொடையும் மறைக்கப்படவேண்டியவை அல்ல. அங்கே பாணனும் புலவனும் பாடினர். மன்னன் பரிசில் தந்தான். பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளியான தமது வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆய்வு நூலிலே இப்பாடல் மரபின் சமூகப் பின்புலத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். பாடப்பட்டவன் வலியவன், பாடியவன் வறியவன் என்பது புறப்பாடலின் பொது நிலை. புகழ் மன்னனுக்கும் பரிசில் புலவனுக்குமாகக் கொடுக்கல் வாங்கல் ஒருவாறு நேர்பட்டது.

இன்றைய சமூகப் படத்தில் இந்த உறவு தலைகீழாகிவிடுகின்றது. பாடப்படுபவள் வறியவள், பாடுபவன் அவளினும் வாய்ப்புப் பெற்றவன். அவனுக்குப் புகழும் கிடைக்கின்றது, பரிசும் கிடைக்கின்றது. அகத்தின் விதியைக் காட்டி அவளுடைய பெயர் நீக்கப்படுகின்றது. புறத்தின் விதியைக் காட்டி அவனுடைய பெயர் திரையில் பொறிக்கப்படுகின்றது. இரு மரபுகளிலிருந்தும் தனக்கு இசைவானதை மட்டும் எடுத்துக்கொள்ளும் இம்முறையை அறம் என்று கூறுதல் அரிது.

அதுமட்டுமன்று. பெயரை மறைத்தல் என்பது யாரிடமிருந்து மறைத்தல் என்ற வினாவும் எழுகின்றது. பத்துக் காம்பராக்கள் ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்ளும் லயத்திலே பெயரை மாற்றுவதால் யாதொன்றும் மறைவதில்லை. எந்தக் காம்பரா, எந்த மலை, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதை முதற் காட்சியிலேயே எல்லோரும் அறிந்துகொள்வர். கணக்கப்பிள்ளையும் அறிவார். இரண்டு கை கொழுந்தை இழந்து மௌனம் காத்தவளின் கணவனும் அறிவான். நகர மண்டபத்தில் இருந்தவர்களுக்கு மாத்திரமே அவள் பெயரற்றவள். அவளை மதித்துப் போற்றக்கூடிய இடத்தில் அவள் அறியப்படாதவளாகின்றாள். அவளுக்குத் தீங்கு விளையக்கூடிய இடத்திலோ முழுமையாக அறியப்படுகின்றாள். பெயர்மறைப்பு இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கின்றது.

தோட்ட வழக்கிலே 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலை செய்ததற்கான பதிவே பேர். செக்ரோலிலே பேர் விழுந்தாற்றான் சம்பளம். நிறை குறைந்தால் அரைப்பேர். நாள் முழுவதும் நின்று உழைத்தவளின் நாளைப் பாதியாக்கும் அதிகாரம் அப்பதிவேட்டுக்கு உண்டு. படத்தின் இறுதியிலே ஓடும் பெயர்ப்பட்டியலும் ஒருவகைச் செக்ரோல்தான். எழுதியவர், நெறிப்படுத்தியவர், ஒளிப்பதிவு செய்தவர், தேநீர் வாங்கித் தந்தவர் எல்லோருக்கும் அதிலே பேர் விழுகின்றது. கதையைத் தந்தவளுக்கு 'தோட்டத்து மக்களுக்கு நன்றி' என்ற பொதுவரியிலே ஒரு பங்கு. அரைப்பேருக்கு அஞ்சிய ஒருத்தியின் கதையைச் சொன்ன படம் அவளுக்கு அரைப்பேரும் இடவில்லை.

4

இந்த மனக்குழப்பம் மடுல்கெல்லக்கு மட்டும் உரியதன்று. உலகின் பெரிய திரையெழுத்தாளர்களுள் ஒருவரையும் அது விடவில்லை. இத்தாலிய நவயதார்த்தவாதத்தின் முதன்மைச் சிந்தனையாளரான சேசரே சவத்தினி 1948 இல் வெளிவந்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தின் திரையெழுத்திலே தலையாய பங்குவகித்தவர். சைக்கிளைப் பறிகொடுத்து வேலையிழக்கும் நிலைக்கு வரும் தொழிலாளியாக அதில் நடித்த லம்பேர்த்தோ மஜ்ஜொரானி உண்மையிலே ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. படம் உலகப்புகழ் பெற்றது. அவரோ தொழிற்சாலையில் வேலையை இழந்தார். நடிப்புத் தொழிலும் அவரை நன்கு தாங்கவில்லை. திரையிலே அவர் தேடிய வேலையை வாழ்க்கையிலும் தேட நேர்ந்தது.

சவத்தினி இதனைக் கண்டும் காணாதவராக இருக்கவில்லை. மஜ்ஜொரானியின் நிலையையே பொருளாகக் கொண்டு மற்றுமொரு திரைக்கதையை எழுதினார். ஒரு படத்தால் அதில் தோன்றிய ஒருவனின் வாழ்க்கையைக்கூட மாற்ற முடியவில்லையே என்ற வினாவைப் படைப்பின் நடுவிலே வைக்கும் துணிவு அவருக்கிருந்தது. ஆனால் இங்கே ஒரு நுட்பமான இடர்ப்பாடு உண்டு. முதற்படத்தால் உண்டான கடனை இரண்டாவது திரைக்கதையாற் தீர்க்க முடியுமா? வறியவனின் துயரம் பொருளாயிற்று. அத்துயரத்தைப் பயன்படுத்தியமை பற்றிய குற்றவுணர்வும் பொருளாயிற்று. எழுதுபவனிடம் எழுத்தன்றிக் கொடுக்க வேறொன்றும் இல்லைப்போலும்.

1953 இல் வெளியான 'நகரத்துக் காதல்' என்ற பல பகுதிகள் கொண்ட படத்திலே சவத்தினி மேலும் ஒரு படி சென்றார். அதன் ஒரு பகுதி கத்தெரினா என்னும் சிசிலியப் பணிப்பெண் பற்றியது. வறுமை தாளாது தன் குழந்தையைக் கைவிட்டு, பின்னர் அதனைத் தேடிவந்தவள் அவள். பிரான்செஸ்கோ மசெல்லியும் சவத்தினியும் உருவாக்கிய அப்பகுதியிலே அப்பெண்ணே தானாகத் தோன்றி, தான் செய்ததை மீண்டும் செய்துகாட்டினாள். வேறொருத்தி நடித்து அவளுக்குரியதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் ஒருமுறை பட்ட துன்பத்தை ஒளிக்கருவியின் முன் மறுமுறையும் படச் செய்வது எவ்வகை நீதி என்ற வினாவும் உடன் எழுகின்றது. பெயரை மறைத்தாலும் குற்றம், பெயரோடு முன்னிறுத்தினாலும் குற்றம் எனில் எழுத்தாளன் செய்யத்தக்கது யாது?

இவ்விடத்து ஓர் உண்மை வெளிப்படுகின்றது. மறைத்தலோ வெளிப்படுத்தலோ தம்மளவில் அறமும் அல்ல, மறமும் அல்ல. அம்முடிவை யார் எடுத்தார் என்பதே வேறுபாட்டை உண்டாக்குகின்றது. மனிதனை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளாது, தன்னளவில் நோக்கமாகவும் கொள்க என்று இம்மானுவேல் கான்ட் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலிலே வற்புறுத்தினார். ஒருவரைப் பயன்படுத்துவதை அவர் முற்றாக விலக்கவில்லை. வெறுமனே பயன்படுத்துவதையே விலக்கினார். தன் கதையைக் கூறியவளிடம், "இதனை இவ்வாறு சொல்லலாமா?" என்று ஒருமுறையேனும் கேட்டிருந்தால், அவள் கருவி என்ற நிலையிலிருந்து உயர்ந்து அப்படைப்பின் பங்காளியாகியிருப்பாள்.

5

இவ்வாதத்திற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. சித்திரிக்கப்படுவோரின் சம்மதமின்றி ஒன்றும் எழுதலாகாது எனில் உண்மையான இலக்கியமே சாத்தியமில்லை. துரைமாரின் சம்மதத்தோடா தோட்டத்து அநீதிகள் எழுதப்பட்டன? கங்காணியின் இசைவு பெற்றா கங்காணியைப்பற்றிய கதைகள் தோன்றின? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் துயரை, அச்சட்டத்தை இயற்றியோரின் அனுமதி பெற்றுத்தான் பாடவேண்டுமா? சம்மதம் என்னும் நிபந்தனை ஈற்றில் வலியோருக்குக் கிடைத்த தணிக்கைக் கத்தரிக்கோலாகிவிடும் என்பதே அம்மறுப்பு.

இம்மறுப்பை ஒதுக்கிவிடவியலாது. ஆனால் அது எல்லோரையும் ஒரே தட்டிலே வைத்து நிறுக்கின்றது. துரையைப்பற்றி ஒரு படம் தவறாகக் கூறினால், அவர் மறுத்து எழுதலாம், வழக்குத் தொடரலாம், தம் சார்பில் வேறொரு படத்தையே எடுப்பிக்கலாம். தேயிலைப் பிரசார சபையால் அது முடிந்தது. கொழுந்து பறிப்பவளால் இவற்றுள் எதுவும் முடியாது. அவளைப்பற்றி ஒருமுறை திரையிலே சொல்லப்பட்டது அவளைப்பற்றிய இறுதிச் சொல்லாகிவிடுகின்றது. ஆகவே படைப்பாளியின் கடன் எல்லோருக்கும் சமமானதன்று. ஒருவருக்குத் திருப்பிப் பதிலளிக்கும் வலிமை எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு அவர்பாற் படைப்பாளியின் கடன் மிகுதியாகும். வலியவனிடம் அவன் அனுமதி கேட்கவேண்டியதில்லை. உண்மை பேசினாற் போதும். மெலியவளிடமோ உண்மை பேசினால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்.

மற்றுமொரு மறுப்பும் எழலாம். அந்தப் பெண் கலையை அறியாள். கண்ணீர் ஏன் தேவை என்பது அவளுக்கு விளங்காது. அவளுடைய கருத்தைக் கேட்டால் படைப்பு சிதையும் என்பர். இது கற்றவரின் வழமையான எண்ணம். கிழங்கை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிய காட்சியை மீண்டும் எண்ணிப்பார்க்க. அழுகையில்லை, மன்னிப்பும் கேட்கப்படவில்லை, மன்னித்ததாகவும் கூறப்படவில்லை. ஒரு கை கொழுந்தின் பெறுமதியையும் ஓர் அயலவளின் மௌனத்தின் பெறுமதியையும் அறிந்த இருவரிடையே நிகழ்ந்த உயர்ந்த அறச்செயல் அது. அதில் விம்மலைச் சேர்த்தவன் அதனை இரங்கத்தக்க காட்சியாகத் தாழ்த்திவிட்டான். வறியவரின் வாழ்க்கையில் இரக்கத்துக்குரியதை மாத்திரமே காண்பதும், மதிப்புக்குரியதைக் காணத் தவறுவதும் சமூக நோக்குடைய படைப்புகளைப் பீடித்துள்ள நோயாகும். அவளிடம் கேட்டிருந்தால் படைப்புச் சிதைந்திராது, செம்மையுற்றிருக்கும். இவ்விடத்தில் அறத்தின் தேவையும் கலையின் தேவையும் ஒன்றாகின்றன.

6

எனவே கடன் என்று இதுவரை கூறப்பட்டது யாது என்பதை வரையறுத்தல் தகும். அது பணக்கடனன்று. படத்தால் வருவாய் கிடைப்பின் அதிற் பங்கு தருதல் நேர்மையே. ஆனால் சுயாதீனக் குறும்படங்கள் பெரும்பாலும் எடுத்தவரின் கைப்பொருளையே விழுங்கிவிடுகின்றன. அது துயர்துடைக்கும் வாக்குறுதியுமன்று. பதினைந்து நிமிடப் படத்தால் ஒரு லயத்தின் கூரையைக்கூட மாற்றவியலாது. அது பதில்கூறும் கடப்பாடு. யாருடைய வாழ்க்கை எடுக்கப்பட்டதோ அவர் முன்னிலையில் சென்று நின்று, "நான் எடுத்தது இது, மாற்றியது இது, சேர்த்தது இது" என்று கூறி, அவர் தரும் மறுமொழிக்குச் செவிசாய்க்கும் கடப்பாடு.

இக்கடப்பாடு படம் முடிந்தபின் நிகழும் சடங்காக இருத்தலாகாது. மாற்றவியலாத ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்பது மரியாதை போன்ற அவமரியாதை. திரைப்பிரதி தாளில் இருக்கும்போதும், படத்தொகுப்பு முடியுமுன்னும் அவளுக்கு அது படித்துக் காட்டப்படவேண்டும், போட்டுக் காட்டப்படவேண்டும். முதற் திரையிடல் நகர மண்டபத்திலன்றி, அந்தத் தோட்டத்திலே நிகழவேண்டும்; அதற்கு முன் அவளுக்கும், கூடையிலிருந்து கொழுந்தை இழந்தவளுக்கும் தனித்துக் காட்டப்படவேண்டும். கதை ஒருத்தியுடையதாயினும் மௌனம் இருவருக்குரியது.

அவள் மறுத்துவிட்டால்? "தம்பி, இது வேண்டாம்" என்று கூறிவிட்டால் என் செய்வது? இதுவே கடினமான இடம். இங்கே ஒரு வேறுபாடு துணைசெய்யும். கதையிலே அவளுக்கு மட்டுமே உரிய பகுதி ஒன்றுண்டு: அவள் செய்த களவும், வைத்த கிழங்கும். எல்லோருக்கும் உரிய பகுதி வேறொன்றுண்டு: நோயுற்ற குழந்தையை விட்டு மலையேறச் செய்யும் ஒழுங்கும், ஒரு நாளைப் பாதியாக்கும் பதிவேடும். முன்னையதை அவள் தர மறுத்தால் எழுத்தாளன் அதனைக் கைவிடவே வேண்டும். எத்துணை அழகிய காட்சியாயினும் அது அவனுடையதன்று. பின்னையதைச் சொல்லும் உரிமையை எவராலும் பறிக்க முடியாது. அதற்கு அவளுடைய காம்பராவும் அவளுடைய இரவும் தேவையில்லை. வேறொரு கதையை அவன் கண்டடையலாம். ஒரு காட்சியை இழப்பதால் எழுத்தாளன் சிறியவனாகிவிடுவதில்லை. எழுதாமல் விட்டவையும் அவன் அறத்தின் பகுதியேயாகும்.

மலையகம் இத்தகைய எழுத்தாளரை அறியாததன்று. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களைப்பற்றி எழுதினார். அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தார். அதே மக்களின் வாக்கினால் 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார்; தொழிற்சங்கத்திலும் அவர்களோடு நின்றார். எழுதப்பட்டவர்கள் அவரிடம் நேரே வந்து கேட்கக்கூடிய தொலைவிலேயே அவர் வாழ்ந்தார். எல்லா எழுத்தாளரும் தொழிற்சங்கவாதியாக வேண்டுமென்பது இதன் பொருளன்று. கேட்கக்கூடிய தொலைவில் இருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

படைப்பின் நிலைபேறு பற்றியும் ஈண்டு ஒரு சொல் கூறுதல் தகும். மனிதர் மறைவர், படைப்பு நிலைக்கும். ஆகவே படைப்பின் பொருட்டு ஒருவரின் சிறு மனத்தாங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வாதிடுவோர் உளர். 1983 ஜூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. பல திரைப்படங்களின் மூலச்சுருள்கள் அங்கே சாம்பராயின. என்றும் நிலைக்கும் என்று எண்ணி எடுக்கப்பட்டவை ஓர் இரவில் இல்லாமற் போயின. ஒரு படத்தைவிட ஒரு மனிதரின் நினைவு நீண்டு வாழ்வதும் உண்டு. அந்தப் பெண் தன் கதை எவ்வாறு கையாளப்பட்டது என்பதைத் தன் மகளுக்குக் கூறுவாள். அம்மகள் நாளை வேறொருவன் வந்து கதை கேட்கும்போது வாய்திறப்பாளா, மாட்டாளா என்பதை இன்று முதலாமவன் நடந்துகொள்ளும் முறையே தீர்மானிக்கும்.

கற்பனை செய்த இளைஞனிடம் திரும்பலாம். பேருந்து மடுல்கெல்லக் கடைத்தெருவில் அவனை இறக்கிவிடுகின்றது. அவன் அவள் வாசலுக்குச் செல்லாது தன் வீட்டிற்குள் நுழைந்துவிடலாம். எவரும் அவனைக் குற்றஞ்சாட்டப்போவதில்லை. அவளும் கேட்கமாட்டாள், கேளாதிருத்தலே அவள் பழகிய வாழ்க்கை. அவ்வாறன்றி அவன் அந்த இஸ்தோப்பிலே சென்று அமர்ந்து, படத்தை அவள் கையிற் கொடுத்துக் காட்டுவானாயின், அவள் முழுவதையும் பார்த்துவிட்டு, "அழுவுற மாதிரி காட்டியிருக்கியே தம்பி, நான் அழுவலையே" என்று மட்டும் கூறக்கூடும். அச்சொல்லைக் கேட்டு அவன் மீண்டும் படத்தொகுப்பு மேசைக்குச் செல்வானாயின், கைதட்டல் பெற்ற ஒரு காட்சியை வெட்டுவானாயின், திரையின் இறுதிப்பட்டியலில் அவள் விரும்பும் பெயரை அவள் விரும்பும் வண்ணம் இடுவானாயின், அல்லது அவள் விரும்பாவிடின் இடாது விடுவானாயின், அப்போதே அவள் நாளுக்கு முழுப்பேர் விழுந்ததாகும். படம் முடிந்தது என்று சொல்லும் உரிமையும் அப்போதே அவனுக்கு வந்து சேரும்.